பீரோவில் உறங்கும் கைக்கடிகாரம்

சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள பழைய இல்லங்கள் பலவற்றில், பீரோவின் உள்ளறையில் நிலப் பத்திரங்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் நடுவே ஒரு கைக்கடிகாரம் உறங்கிக் கொண்டிருக்கும். அதன் தோல்வார் இற்றுப்போயிருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும், முட்கள் என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு மணியில் நின்றுபோயிருக்கும். அது தாத்தா அணிந்தது என்பதோ, மணநாளில் தந்தைக்கு மாமனார் வீட்டார் அளித்தது என்பதோ வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அதை அணிய எவருக்கும் மனமில்லை. எறியவும் எவருக்கும் துணிவில்லை.

இத்தகைய கடிகாரங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றின் வரலாற்றை ஆராயும் பழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டிலும் இளைஞர் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர். இது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அவர்கள் தேடியலையும் பொருள் நம் வீட்டிலேயே இருக்கலாம். அதன் மதிப்பை அறியாது பழைய பொருள் வாங்குபவரிடம் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுவோர் உண்டு. புதுப்பிக்கிறோம் என்று எண்ணி, அதில் பதிந்திருக்கும் உண்மையையே அழித்துவிடுவோரும் உண்டு. ஆகவே, கைக்கடிகாரம் நம்மிடம் வந்த கதையையும், அதை ஆராய்ந்து பேணும் நெறியையும் இங்கே சிறிது காண்போம்.

நிமிடக் கணக்கு வந்த விதம்

கடிகாரம் பரவுவதற்கு முன் நம் மக்கள் நிழலின் நீளத்தாலும், ஆலைச் சங்காலும், ஆலய மணியாலும் பொழுதை அறிந்தனர். உழவருக்கும் நெசவாளருக்கும் அது போதுமானதாக இருந்தது. நிமிடக் கணக்கை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்ததில் இரயில் வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டுச் சென்றது. பின்னர் இந்திய இரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. சேலத்திலோ கதிரவன் உச்சிக்கு வருவது சென்னையைவிட ஏறத்தாழ எட்டு நிமிடம் பிந்தித்தான்!

1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சேலத்தில் உச்சிப்பொழுதுக்குச் சராசரியாகப் பதினேழு நிமிடங்கள் மீதியிருக்கும். ஊரின் வெயில் ஒன்று சொல்ல, நிலையத்தின் கடிகாரம் வேறொன்று சொல்லிற்று. வண்டியைப் பிடிக்க விரும்பியவர் வெயிலை விட்டுக் கடிகாரத்தையே நம்ப வேண்டியதாயிற்று.

கடல் கடந்து வந்தவை

அக்காலத்தில் ஆடவர் சங்கிலி கோத்த பைக்கடிகாரத்தையே வைத்திருந்தனர். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் பெண்டிரின் அணிகலனாகக் கருதப்பட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் இந்த எண்ணத்தை மாற்றியது. பதுங்குகுழியில் துப்பாக்கி ஏந்திய வீரனுக்குப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க நேரமேது? கையிலேயே கட்டிக்கொண்டான், போர் முடிந்த பின்னும் அவ்வழக்கம் நிலைத்தது.

இந்தியாவுக்கென்றே சுவிட்சர்லாந்திலிருந்து கடிகாரம் வருவித்த நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்கது வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி. 1886இல் தோன்றிய இப்பெயருக்குப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளைகள் இருந்தன. குதிரைவீரன் எனப் பொருள்படும் ‘சவார்’ என்ற அதன் கடிகாரம், மெசபொட்டேமியப் போர்முனைக்குச் சென்ற இந்தியப் படையினரிடையே புகழ்பெற்றது. 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட ஃபாவ்ர் லூபா என்னும் சுவிஸ் நிறுவனமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே பம்பாயில் வாணிகம் செய்தது. அதன் ‘சீ கிங்’, ‘சீ சீஃப்’ ஆகியவை நம் தந்தையர் தலைமுறையில் மதிப்புக்குரிய பெயர்கள். 1962இல் இதே நிறுவனம், மலையேறுவோருக்கு உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டும் ‘பிவுவாக்’ என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவனவற்றுள் அதுவும் ஒன்று.

நாடு விடுதலை பெற்ற பின், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கட்டுப்பாடு வந்ததும் கள்ளக்கடத்தலும் வந்தது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123ஆம் பிரிவு, தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது. கடத்தல் பொருள் என நியாயமாக நம்பி அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தப்பட்டதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருந்தவரையே சாரும் என்பது அதன் விதி. அந்நாளில் கடிகாரம் எத்துணை அரிய பொருளாக எண்ணப்பட்டது என்பதற்கு இவ்விதியே சான்று. வாங்கிய ரசீதைப் பலர் பத்திரம்போல் பாதுகாத்ததில் வியப்பில்லை. இன்று அத்தகைய ரசீது ஒன்று கிடைத்தால் ஆராய்ச்சியாளருக்கு அது புதையல்.

மக்களின் கடிகாரம்

எளிய மக்களின் கைக்குக் கடிகாரம் வந்தது எச்.எம்.டி. என்னும் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனத்தால். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை ஆக்குவதற்கென 1953இல் தொடங்கப்பெற்ற இவ்வரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. முதற் கடிகாரங்களைப் பிரதமர் ஜவஹர்லால் நேரு வெளியிட்டார். பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. காலப்போக்கில் 10 கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்கள் இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன.

‘ஜனதா’ என்பது அவற்றுள் மிகவும் புகழ்பெற்ற பெயர். நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய எளிய கடிகாரம். உராய்வைத் தாங்கப் பதினேழு கற்கள். அதன் சமன்சக்கரம் நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. அவ்வாறாயின், ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். ஓராண்டுக்கு 15 கோடிக்கு மேல். இவ்வளவு உழைப்பையும் நாணயத்தினும் சிறிதே பெரிய ஓர் இயந்திரம் முணுமுணுப்பின்றிச் செய்தது. பள்ளி ஆசிரியர், மில் தொழிலாளர், நாமக்கல் லாரி ஓட்டுநர் என எல்லோர் கையிலும் இத்தகைய கடிகாரத்தைக் காண முடிந்தது. படைவீரரை நினைவூட்டும் ‘ஜவான்’, கறுப்பு முகப்புக்குப் பெயர்பெற்ற ‘பைலட்’, பார்வையற்றோர் விரலால் தடவி மணி அறியும் பிரெய்ல் கடிகாரம் ஆகியனவும் வெளிவந்தன.

இதில் நாம் மறைக்கக் கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. கையசைவாலேயே சாவி ஏறும், பொன்முலாம் பூசிய ‘காஞ்சன்’ கடிகாரம் திருமணச் சந்தையில் பெரும் பொருளாயிற்று. விலைக்கு மேல் விலை கொடுத்து அதைத் தேடியலைந்த பெண்வீட்டார் பலர். ‘மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும்’ என்பது அன்பளிப்பாகத் தொடங்கிக் கட்டாயமாக முடிந்த கதையை நம் குடும்பங்கள் அறியும். ஆதலின் ஒரு பழைய கடிகாரம் இன்ப நினைவை மட்டுமன்றி, அதை வாங்க ஒரு தந்தை பட்ட கடனையும் நினைவூட்டக் கூடும். வரலாறு என்பது இரண்டையும் சேர்த்ததே.

ஓசூரில் எழுந்த மாற்றம்

1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுத்து இறுக்கும் வில்லுக்குப் பதிலாக மின்கலம். சமன்சக்கரத்துக்குப் பதிலாகத் துடிக்கும் படிகக்கல். இன்று வழங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்களில் இக்கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. துல்லியத்தில் இதனோடு பழைய கடிகாரங்கள் போட்டியிட முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலே ஆட்டம் கண்டது.

நம் நாட்டில் அம்மாற்றம் நம் அண்டையிலேயே நிகழ்ந்தது. டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாட்டின் பெயரையும் சேர்த்தமைத்ததே ‘டைட்டன்’ என்னும் பெயர் என்பர். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

டைட்டனின் எழுச்சியோடு எச்.எம்.டி.யின் தேய்வும் தொடங்கியது. நட்டம் பெருகி, 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அச்செய்தியைக் கேட்டபின் மக்கள் தம் வீட்டுப் பழைய கடிகாரத்தைப் புதிய கண்களால் பார்க்கலாயினர்.

அரியது எது?

பழையது அனைத்தும் அரியதன்று. இலட்சக் கணக்கில் செய்யப்பட்ட ஒரு கடிகாரம் ஐம்பது ஆண்டு கடந்ததனாலேயே அரும்பொருள் ஆகிவிடாது. அருமை இருவகைப்படும். மிகச் சிலவே செய்யப்பட்டமையால் வருவது ஒன்று. பலவாகச் செய்யப்பட்டும், மாறுதலின்றிப் பிழைத்தவை சிலவே ஆதலின் வருவது மற்றொன்று. நம் இல்லங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகையின. முகப்பு, முள், மூடி, உள்ளியந்திரம் யாவும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் எளிய ‘ஜனதா’ ஒன்று, ரசீதும் பெட்டியும் உடனிருக்கக் கிடைப்பது இன்று அரிதாகிவிட்டது.

மூன்று சாட்சிகள்

ஆராய்ச்சி என்றதும் பெரிய கருவிகள் வேண்டுமோ என அஞ்ச வேண்டா. ஒரு பூதக்கண்ணாடியும் பொறுமையும் போதும். கடிகாரத்தில் மூன்று சாட்சிகள் உள்ளன: முகப்பு, கூடு, உள்ளியந்திரம். இம்மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

முகப்பில் பெயரும், கற்களின் எண்ணிக்கையும், செய்யப்பட்ட நாடும் சிறிய எழுத்தில் இருக்கும். கூட்டின் பின்மூடியில் எண்களும் உலோகத்தின் தன்மையும் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளியந்திரத்தில் அதன் வகை எண்ணோ, செய்தவரின் முத்திரையோ காணப்படும். சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் இம்முத்திரை சமன்சக்கரத்தின் அருகே மறைந்திருக்கும். முகப்பில் ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருக்க, உள்ளே சாவி கொடுக்கும் இயந்திரம் இருந்தால் சாட்சிகள் முரண்படுகின்றன என்று கொள்க.

நான்காவதாக ஒரு மௌன சாட்சியும் உண்டு. பழுதுபார்ப்பவர் பலர், பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் தேதியையோ தம் அடையாளத்தையோ கீறிவைப்பது வழக்கம். அக்கீறல்களை வரிசைப்படுத்தினால், அக்கடிகாரம் எத்தனை முறை நின்றது, எத்தனை முறை அதன் உரிமையாளர் அதைக் கைவிடாது எடுத்துச் சென்றார் என்பது புலனாகும். ஓய்வுபெறும் நாளில் உடன் பணிபுரிந்தோர் பொறித்தளித்த பெயரும் தேதியும் இருந்தால் இன்னும் சிறப்பு. வெளியார்க்கு அவை வெறும் கீறல்கள். குடும்பத்தார்க்கோ ஒரு வாழ்வின் நாட்குறிப்பு.

புதுப்பித்தல் என்னும் பொய்

பழைய கடிகாரங்களுக்குத் தேவை பெருகியதும் போலிகளும் பெருகின. பழுதான கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுகூட்டி, முகப்பைச் சுரண்டிப் புதுவண்ணம் தீட்டி, புகழ்பெற்ற பெயரை அச்சிட்டுப் பழைய கடிகாரம் என விற்கின்றனர். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயரிட்டுவிட்டனர். நிறுவனம் என்றும் வெளியிடாத பளீரென்ற நிறங்கள், தடித்த அல்லது பிழையான எழுத்துகள், நிமிடக் கோடுகளோடு பொருந்தாத மணிக் குறிகள், அறுபது ஆண்டுப் பழைமை கூறியும் நேற்றுத் தீட்டியது போன்ற முகப்பு ஆகியன இவற்றின் அடையாளங்கள். ‘பைலட்’ என்ற பெயரில் பச்சையும் சிவப்புமாகக் குவிந்து கிடப்பதைக் கண்டால் எச்சரிக்கை தேவை.

வாங்குவோர் ஏமாறுவது ஒரு தீமை. அதனினும் பெருந்தீமை, ஒவ்வொரு போலிக்காகவும் உண்மையான கடிகாரங்கள் சில சிதைக்கப்படுவது. நம் வீட்டுக் கடிகாரத்தின் முகப்பு மஞ்சளித்தும் புள்ளி விழுந்தும் இருப்பதைக் கண்டு புதுவண்ணம் தீட்டச் சொல்லாதீர்கள். அக்கறை காலம் இட்ட கையெழுத்து. ஒரு முறை சுரண்டிவிட்டால் எவராலும் அதை மீட்டுத்தர இயலாது. உள்ளியந்திரத்தைத் துப்புரவு செய்து எண்ணெயிடுவது வேறு. முகத்தை மாற்றுவது வேறு.

சேகரிப்போர்க்கும் ஒரு சொல். விவரம் அறியாத மூதாட்டியிடம் அரும்பொருளை அற்ப விலைக்கு வாங்கி, அதைத் தம் திறமையாகப் பெருமை பேசுவது நேர்மையன்று. பொருளின் தன்மையை எடுத்துரைத்து நியாயமான விலை கொடுப்பவரே உண்மையான ஆய்வாளர். குடும்பச் செலவைச் சுருக்கியும் கடன் வாங்கியும் சேர்க்கும் ஆசை, கடிகாரத்தைத் தருமேயன்றி நிம்மதியைத் தராது.

ரேடியம்: ஓர் எச்சரிக்கை

இருளில் ஒளிரும் முட்களும் எண்களும் கொண்ட பழைய கடிகாரங்களில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். நம் பக்கத்தில் லாரிகளின் பின்புறம் ஒட்டும் பளபளப்புத் தாளையும் ‘ரேடியம்’ என்றே அழைக்கிறோம், அது தீங்கற்றது. கடிகாரத்தில் பூசியதோ மெய்யான கதிரியக்கப் பொருள். 1910களிலும் 1920களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கியதால் தாடை எலும்பு அழுகியும் புற்றுநோய் கண்டும் மாண்டனர்.

பழைய பூச்சு இன்று ஒளிர்வதில்லையே என எண்ணி ஏமாற வேண்டா. ஒளிதரும் துணைப்பொருள் தேய்ந்துபோனதே அதற்குக் காரணம். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். எனவே ஒளிரும் பூச்சுள்ள பழைய கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ, பூச்சைச் சுரண்டவோ, உதிர்ந்த தூளை ஊதவோ கூடாது. குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதும், தலையணை அருகே வைப்பதும் அறவே தவிர்க்க வேண்டியவை. 1960கள் முதல் டிரிடியம் என்ற மாற்றுப் பொருள் பரவலாயிற்று. முகப்பின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருப்பது அதைக் குறிக்கும்.

பேணும் முறை

நெடுநாள் நின்ற கடிகாரத்தை எடுத்தவுடன் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளிருக்கும் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும். அந்நிலையில் ஓடினால் அச்சுகள் தேயும். முதலில் நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெயிடச் செய்க. பழைய உறுப்பு எதையேனும் மாற்றினால், கழற்றியதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க. அணிவதாயின் நாள்தோறும் ஒரே வேளையில் சாவி கொடுத்து, கை தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெயிலும் வியர்வையும் கூட்டை அரிக்கும். கழற்றியதும் மென்துணியால் துடைத்து வையுங்கள். ஒலிபெருக்கி, கைப்பேசி ஆகியவற்றின் காந்தம் மயிரிழைச் சுருளைப் பற்றினால் கடிகாரம் விரைந்தோடும். அவற்றின்மேல் வைக்க வேண்டா. தண்ணீர் படாதெனப் பின்மூடியில் பொறித்திருந்தாலும் அதை இன்று நம்பலாகாது.

இவ்வளவும் செய்ய நமக்குத் துணைநிற்பவர், கடைவீதியின் ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின் அமர்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர். அவரது தகர டப்பாக்களில் இன்று எங்கும் செய்யப்படாத அச்சும் சக்கரமும் உள்ளன. அவரது விரல்களில் புத்தகத்தில் எழுதப்படாத அறிவு உள்ளது. மின்கலம் மாற்றும் தொழிலாக அது சுருங்கியபின், பிள்ளைகள் அத்தொழிலுக்கு வருவது அரிதாகிவிட்டது. அவர் கடையைக் கட்டுமுன் நம் கடிகாரத்தை அவரிடம் காட்டுவது காலத்தால் செய்யும் செயல்.

இன்னும் ஒன்று செய்யுங்கள். சிறிய தாள் ஒன்றில், இக்கடிகாரம் யாருடையது, எந்த ஆண்டில் எந்த ஊரில் வாங்கப்பட்டது, எந்த வேளையில் அவர் அதை அணிந்தார், வாங்குவதற்கு அவர் எவ்வளவு உழைத்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி, கடிகாரத்தோடு வையுங்கள். எண்ணையும் முத்திரையையும் ஆய்வாளர் எவரும் கண்டுபிடிப்பார். அதை அணிந்திருந்த கை யாருடையது என்பதை அறிந்தவர் உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கின்றார். அவரிடம் இன்றே கேளுங்கள்.